தெளிந்த நீரில் மறைந்த பகை



1930ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரிலே ஓர் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் கலமொன்றிலே மதுவம் வளர்த்துக்கொண்டிருந்தார் ஒரு வைத்திய அறிஞர். மாவைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த அந்த நுண்ணுயிர்களின் கூட்டத்தினுள்ளே, அழையாத விருந்தாளியாக வேறோர் உயிரும் குடிபுகுந்திருப்பதை அவர் நுணுக்குக்காட்டியின் வழியே கண்டார். அது ஓர் அமீபா. ஒரே கலத்தாலான உடல். கை இல்லை, கால் இல்லை. உடலையே நீட்டியும் சுருக்கியும் ஊர்ந்து, மதுவத்தைச் சூழ்ந்து விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பை எழுதி அவர் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். வளர்ப்புக் கலத்தில் எப்படியோ வந்து விழுந்த மாசு என்ற அளவிலே விடயம் முடிந்தது. மனிதரின் நோயோடு, அதிலும் கண்ணோடு, இந்த அமீபாவுக்குத் தொடர்பு ஏற்படும் என்று அக்காலத்தில் எண்ணியவர் எவருமில்லை.

அந்த அறிஞரின் பெயர் அல்டோ கஸ்தெல்லானி. கொழும்பு நகரத்துக்கு அப்பெயர் புதிதன்று. இத்தாலியிலே புளோரன்ஸ் நகரில் 1874இல் பிறந்த அவர், 1902இல் உகண்டா நாட்டிற்குச் சென்று, தூக்க நோயாளரின் முள்ளந்தண்டு நீரிலே அந்நோயின் கிருமியைக் கண்டவர். அடுத்த ஆண்டிலே இலங்கைக்கு வந்து, கொழும்பிலிருந்த பற்றீரியா ஆய்வு நிலையத்தின் தலைவராக அமர்ந்தார். வைத்தியக் கல்லூரியிலும் போதித்தார். அக்காலத்தில் இலங்கையின் கிராமங்களில் பறங்கி வியாதி என்று வழங்கிய கொடிய தோல் நோய் ஒன்று இருந்தது. மக்களின் தோலையும் எலும்பையும் அரித்த அந்நோயின் கிருமியை 1905இல் அவர் இந்நாட்டிலேயே கண்டறிந்தார். வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த சாமர்ஸ் என்பாருடன் சேர்ந்து 1910இல் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். நமது சூட்டிலும் வியர்வையிலும் செழிக்கும் தோற் பங்கசுகளும் மதுவ இனங்களும் அவருடைய தனி ஆர்வத்துக்கு உரியனவாயின. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இத்தாலிக்குத் திரும்பினார். பின்னாளில் முசோலினிக்கு அணுக்கமானவராக அவர் நடந்துகொண்ட கதை வேறு. அது இன்றைய பொருளன்று. மதுவத்தில் அவர் கொண்ட ஆர்வம் மாத்திரமே நமக்கு இங்கு வேண்டியது. அவர் மதுவம் வளர்த்திராவிடின் அந்த அமீபாவைக் கண்டிருக்கவும் மாட்டார்.

அந்த உயிருக்கு அறிஞர்கள் கஸ்தெல்லானியின் பெயரையே சூட்டினர். 1931இல் அது ஒரு தனிச் சாதியென வகுக்கப்பட்டு, அகந்தமீபா என்ற பெயரைப் பெற்றது. கிரேக்க மொழியிலே அகந்தா என்றால் முள். அதன் உடலெங்கும் நுண்ணிய முட்கள் போன்ற நீட்சிகள் இருப்பதனால் இப்பெயர் வந்தது. நாம் முள்ளமீபா என்றே சொல்லிக்கொள்ளலாம்.

முள்ளமீபா வாழாத இடம் உலகில் அரிது. வயல் மண், குளம், கிணறு, கடல், வீட்டுக் குழாய், காற்றில் பறக்கும் தூசி ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. பற்றீரியாக்களையும் மதுவத்தையும் தின்று வாழும். உணவும் ஈரமும் உள்ள காலத்திலே ஊர்ந்து திரியும். வறட்சி வந்தால், பட்டினி வந்தால், நஞ்சு கலந்தால், உடனே உடலைச் சுருக்கித் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவருள்ள கூடொன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும். உட்சுவரில் இருப்பது தாவரங்களின் சுவரை ஆக்கும் அதே செலுலோசு. விலங்கைப்போல் ஊர்ந்து இரை தேடும் ஓர் உயிர், ஆபத்துக் காலத்தில் தாவரத்தின் சுவருக்குள் ஒளிந்துகொள்கிறது! இந்தக் கூட்டினுள் 20 ஆண்டுகள் உலர்ந்து கிடந்த அமீபாக்கள், ஈரமும் உணவும் கிடைத்தபோது மீண்டும் வெளிவந்து ஊர்ந்ததை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். குழாய்நீரைத் தூய்மைப்படுத்தச் சேர்க்கும் குளோரினின் அளவு அதனை ஒன்றும் செய்வதில்லை.

அது முற்றிலும் சாதுவான உயிரன்று என்பதற்கு முதல் அறிகுறி 1958இல் கிடைத்தது. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்காக அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட கலங்களில் புகுந்திருந்த இத்தகைய அமீபா ஒன்று, சோதனை எலிகளையும் குரங்குகளையும் மூளையைத் தாக்கிக் கொன்றதைக் கல்பேர்ட்சன் என்பார் கண்டார். ஆயினும் கண்ணைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

இனி, இவ்வரலாற்றின் மற்றக் கிளையைப் பார்ப்போம். மூக்கிலே சுமக்கும் கண்ணாடிக்குப் பதிலாக, விழியின் மேலேயே வைத்துக்கொள்ளும் வில்லை ஒன்றைச் செய்யலாமா என்ற ஆசை பழையது. முதன்முதல் அதனைச் செய்து அணிவித்தவர்களுள் ஒருவர், சூரிச் நகரிலிருந்த கண் வைத்தியர் அடோல்ப் பிக் என்பவர். அவருடைய கட்டுரை 1888இல் வெளிவந்தது. விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடும் பெரிய கண்ணாடிச் சிப்பிகளை அவர் செய்வித்தார். முதலில் முயல்களின் கண்களில் வைத்துப் பார்த்தார். பின்னர் தம் கண்ணிலும், அதன் பின்னரே நோயாளர் கண்ணிலும் வைத்தார். சிப்பிக்கும் விழிக்கும் இடையே உள்ள வெளியை நூற்றுக்கு இரண்டு பங்கு திராட்சைச் சருக்கரை கரைத்த நீரினால் நிரப்பினார். சில மணி நேரத்திலே பார்வையில் புகை படர்ந்தது. அடுத்த ஆண்டில், கடுமையான கிட்டப்பார்வை உடைய ஓகஸ்ட் மியுல்லர் என்ற மாணவர், தமக்கெனச் செய்த வில்லையைக் கண்ணை மரக்கச்செய்யும் மருந்திட்டும் அரைமணி நேரத்துக்குமேல் தாங்க முடியாமல் தவித்தார். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான கட்டுரையிலே தம் வேதனையையே அவர் ஆதாரமாக எழுத நேர்ந்தது.

விழியின் முன்புறத்தே தெளிந்த கண்ணாடிபோல் அமைந்திருப்பது விழிவெண்படலம். ஒளி முதலில் நுழையும் வாயில் அதுவே. அதிலே இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தெளிவாகப் புகமுடியாது. ஆகவே தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் பெறுகின்றது. பெருங் கண்ணாடிச் சிப்பி அந்த வழியை அடைத்ததனாலேயே புகை படர்ந்தது. இரத்தம் இல்லாத இடத்தில் நோயை எதிர்க்கும் படையும் விரைவில் வந்து சேராது என்பதையும் நேயர்கள் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

1948இல் கெவின் ரூஹி என்னும் அமெரிக்கர், விழிவெண்படலத்தை மாத்திரம் மூடும் சிறிய பிளாத்திக்கு வில்லையை உருவாக்கினார். அது கடினமானது, உறுத்துவது. உறுத்தாத வில்லையைத் தந்தவர் செக்கோசிலவாக்கிய இரசாயன அறிஞர் ஒற்றோ விக்தெர்லே. அவருடைய கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1952இல் புகைவண்டியிலே பயணஞ் செய்தபோது, எதிரே இருந்தவர் படித்துக்கொண்டிருந்த சஞ்சிகையில், இழந்த கண்ணின் இடத்திலே உலோகத்தைப் பொருத்துவது பற்றிய கட்டுரை ஒன்று அவர் பார்வைக்குப் பட்டது. உயிருள்ள உடலோடு ஒத்துப்போகும் பொருள் உலோகமன்று, நீரை ஈர்த்து மென்மையாய் நிற்கும் ஒரு பொருளே வேண்டும் என்று அவர் வாதித்தார். பின்னர் லிம் என்ற தம் உடனாய்வாளரோடு அப்படிப்பட்ட பொருளைச் செய்தும் காட்டினார். உலர்ந்தால் கண்ணாடிபோல் கடினமாகவும், நீரில் ஊறினால் மெல்லிய களியாகவும் இருப்பது அது. அதன் எடையிலே மூன்றிலொரு பங்குக்கு மேல் நீரே.

ஆனால் அதனைத் துல்லியமான வில்லையாக வார்க்கும் வழி கிட்டவில்லை. அரசியற் களையெடுப்பில் 1958இல் கல்லூரிப் பதவியை இழந்த விக்தெர்லேக்கு, வேறு நிலையத்திலே தொடங்கிய வில்லை ஆய்வையும் மேலிடத்தார் நிறுத்திவிட்டனர். அவர் வீட்டிலே தொடர்ந்தார். 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், மகனுடைய விளையாட்டுப் பொறிப் பெட்டியின் துண்டுகளைப் பொருத்தி, துவிச்சக்கரவண்டி விளக்கின் மின்பிறப்பியைக் கொண்டு சுழலச் செய்து, சுழலும் அச்சிலே துளித்துளியாகத் திரவத்தை வார்த்து, முதல் மென்வில்லைகளை எடுத்தார். பின்னர் கிராமபோன் மோட்டார் அந்த வேலைக்கு வந்தது. கணவனும் மனைவியுமாகச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான வில்லைகளை வீட்டிலிருந்தே வார்த்தனர். உரிமை அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அதனாற் பெருஞ் செல்வம் அடைந்தவர்கள் வேறு பலர். 1971இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் பாஷ் அன்ட் லோம் நிறுவனத்தின் மென்வில்லையை விற்க அனுமதித்தது. அதன் பின்னர் இலட்சக்கணக்கானோர் கண்களில் நீருண்ட அந்தச் சிறு வட்டம் ஏறியது.

வில்லையின் சிறப்பு எதுவோ அதுவே அதன் ஆபத்துக்கும் வழியாயிற்று. நீரை உறிஞ்சும் பொருளை நீரிலேதான் வைத்திருக்க வேண்டும். அணியாத வேளையில் அது சிறு கிண்ணத்தில் ஊறிக்கிடக்கும். ஊறிக்கிடக்கும் ஈரப் பொருளிலே பற்றீரியாக்கள் மெல்லிய படலமாகப் படியும். பற்றீரியா இருக்கும் இடத்துக்கு அதனைத் தின்னும் அமீபா வராமலா போகும்?

ஆனால் அந்த அமீபா விளைத்த கண்ணோய் முதன்முதலில் தோன்றியது வில்லை அணிந்தவர்களிடமன்று. 1973இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் தென்பகுதியிலே, கால்நடைப் பண்ணையாளர் ஒருவரின் வலது கண்ணில் அடிபட்டு உண்டான புண் ஆறாமல் அரித்துக்கொண்டே போயிற்று. ஆராய்ந்தபோது அங்கே முள்ளமீபா காணப்பட்டது. 1974இல் பிரித்தானிய அறிஞர் நகிங்டன் முதலானோர் அந்நாட்டு நோயாளர் இருவரைப் பற்றி எழுதினர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாசு என்று ஒதுக்கப்பட்ட உயிர், நோய்க் கிருமி என்ற பட்டத்தைப் பெற்றது. அப்போதும் இது அபூர்வ நோயாகவே எண்ணப்பட்டது. வைத்தியர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒன்றைக் காண்பதே அரிது.

எண்பதுகளின் நடுவிலே நிலைமை மாறியது. அமெரிக்காவில் ஒன்றன்பின் ஒன்றாக நோயாளர் வந்தனர். இவர்கள் பண்ணையாளர் அல்லர். கண்ணில் அடிபட்டவர்களும் அல்லர். நல்ல தேகநலமுள்ள நகரவாசிகள். பெரும்பாலோர் மென்வில்லை அணிந்தவர்கள். அத்திலாந்தா நகரிலுள்ள நோய்த்தடுப்பு நிலையத்தார் ஆராய முற்பட்டனர். நோயுற்ற 27 பேரையும், நோயுறாமல் வில்லை அணிந்துவந்த 81 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். 1987இல் வெளியான அந்த ஆய்விலே, வீட்டிலே கலந்த உப்புநீரில் வில்லையை ஊறவைத்தவர்கள் நோயாளருள் நூற்றுக்கு 78, மற்றவருள் நூற்றுக்கு 30. வில்லையுடன் நீந்தியவர்கள் முறையே 63, 30. சொல்லப்பட்ட அளவுக்கு வில்லையைக் கிருமி நீக்காதவர்கள் 72, 32. 1973 முதல் 1988 வரையில் அந்நாட்டில் அறியப்பட்ட 208 நோயாளருள் நூற்றுக்கு 85 பேர் தொடுவில்லை அணிந்தவர்கள் எனப் பின்னர் கணக்கிடப்பட்டது.

வீட்டு உப்புநீர் என்பது யாது? அக்காலத்திலே உப்பு மாத்திரைகள் கடையில் விற்கப்பட்டன. ஒரு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரிலே கரைத்தால், கண்ணீரின் அளவு உப்புள்ள நீர் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கும் புட்டி நீரோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். காய்ச்சி வடித்த நீர் என்ற பெயரைக் கேட்டவுடன் கிருமியற்ற நீர் என்று நாம் நினைக்கிறோம். வடிக்கும்போது கிருமியில்லைதான், புட்டியிலே அடைத்து, திறந்து, நாட்கணக்காக வைத்திருக்கும்போது அது அப்படியே இருப்பதில்லை.

இந்நோயாளர் கவலையீனத்தினாலே கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று பலர் அப்போது சொன்னார்கள். இக்கட்டுரையாளன் அக்கூற்றை முழுமையாக ஏற்கவில்லை. மாத்திரைகளை அவர்களாகவே கண்டுபிடிக்கவில்லை. மென்வில்லை வந்த தொடக்கத்திலே அதுவே ஏற்புடைய முறையாக இருந்தது. ஏனெனில் அப்போது வில்லையைச் சிறு மின்கருவியிலே வைத்து இரவுதோறும் சூடாக்குவார்கள். கலந்த நீரில் என்ன இருந்தாலும் வெப்பம் அதனைக் கொன்றுவிடும். முள்ளமீபாவின் இரட்டைச் சுவரும் அந்த வெப்பத்தின் முன்னே நில்லாது. பின்னர், சூடாக்கவேண்டாத குளிர்ந்த இரசாயனத் திரவங்கள் வந்தன. வசதியை விரும்பியவர்கள் வெப்பத்தைக் கைவிட்டார்கள். சிக்கனத்தை விரும்பியவர்கள் உப்பு மாத்திரையைக் கைவிடவில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமாகத் தோன்றா. இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் அமீபா உள்ளே நுழைந்தது. குளிர்ந்த திரவங்கள் பற்றீரியாவைக் கொல்லும் அளவுக்குச் சோதிக்கப்பட்டவை. கூட்டினுள் அடங்கிய அமீபாவைக் கொல்ல அவற்றுட் பலவற்றால் இயலவில்லை.

நோய் எப்படித் தோன்றுகிறது என்பதையும் சொல்லவேண்டும். வில்லை உரசுவதனால் விழிவெண்படலத்தின் மேற்றோலிலே கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் விழும். அங்கே அமீபா ஒட்டிக்கொள்ளும். பின்னர் மெல்ல உட்புகும். தொடக்கத்தில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை. விழிவெண்படலத்தின் நரம்புகளை ஒட்டி அமீபா பரவும்போது வேதனை வருகின்றது. வைத்தியர் பார்வைக்குப் புண் சிறிதாகவே தெரியும். நோயாளரோ இருட்டறையிலே கண்ணைப் பொத்திக்கொண்டு உறக்கமின்றிக் கிடப்பார். கண்டதற்கும் சொன்னதற்கும் பொருத்தமில்லாத இந்த வேதனையே நோயை அறிவிக்கும் குறி என வைத்திய நூல்கள் பின்னாளில் எழுதின. வாரங்கள் சென்றபின் விழியிலே வெண்ணிற வளையம் ஒன்று தோன்றும். அது தோன்றும் வேளையில் நோய் முற்றியிருக்கும்.

இந்த நோயின் தொடக்கத் தோற்றம், கண்ணில் வரும் அக்கி வைரசு நோயைப் பெரிதும் ஒத்தது. அக்கியோ அடிக்கடி காணப்படுவது. அமீபா நோய் அரிதினும் அரிது. ஆகவே வைத்தியர்கள் அக்கிக்கே மருந்து கொடுத்தார்கள். சிவப்பைத் தணிக்கும் மருந்தும் சேர்ந்தது. சில நாட்கள் கண் வெளுத்து, நோய் தணிந்ததுபோலத் தோன்றும். உள்ளே அமீபாவுக்கு எதிர்ப்பு இல்லாமற் போய்விடும். நோயறியாமல் கழிந்த வாரங்களே பலருடைய பார்வையைப் பறித்தன. அமீபாவைக் கண்டறியும் முறையோ எளிது. ஊட்டமில்லாத அகார்த் தட்டின்மேல் பற்றீரியாக்களைப் பூசி, கண்ணிலிருந்து சுரண்டியெடுத்த துளியை நடுவே வைத்தால், அமீபா இருப்பின் பற்றீரியாவைத் தின்றுகொண்டு வெளிநோக்கி ஊரும். மழை பெய்த தரையிலே நத்தை சென்ற தடம் போலத் தட்டிலே தடம் தெரியும். கஸ்தெல்லானி மதுவத்திடையே கண்ட காட்சியே இங்கு சோதனையாயிற்று எனலாம். ஆனால் அந்தச் சோதனையைச் செய்யவேண்டும் என்ற ஐயம் முதலில் வைத்தியருக்கு எழவேண்டுமே!

சிகிச்சையின் நிலை அதனினும் துயரமானது. தொடக்க ஆண்டுகளில் மருந்து என ஒன்றுமில்லை. கெட்ட விழிவெண்படலத்தை வெட்டியெடுத்து, இறந்தவரின் விழியிலிருந்து எடுத்ததை ஒட்டுவார்கள். எஞ்சியிருந்த அமீபாக் கூடுகள் புதிய ஒட்டையும் தின்னும். கண்ணையே அகற்ற நேர்ந்தவர்களும் உண்டு. 1985இல் இலண்டனிலே ரைட், வார்ஹர்ஸ்ட், ஜோன்ஸ் என்னும் மூவர், மருந்தினாலேயே இந்நோயைத் தீர்த்த செய்தியை அறிவித்தார்கள். அவர்கள் கையாண்ட மருந்து புரொப்பமிடீன். பிரித்தானியாவில் சாதாரண கண்ணோய்க்கெனக் கடைகளிலே கிடைத்த சொட்டு மருந்து. 1992இல் லார்கின், கில்விங்டன், டார்ட் ஆகியோர் மற்றொன்றைக் கொண்டுவந்தார்கள். நீச்சற் குளங்களைத் தூய்மை செய்யப் பயன்பட்ட ஓர் இரசாயனத்தை மிக மிக நீர்த்த அளவில் கண்ணிலே இட்டார்கள். கூட்டின் சுவரையும் கடந்து அது அமீபாவைக் கொன்றது. ஆயினும் முதற் சில நாட்கள் மணிக்கொருமுறை, இரவிலும் உறங்கவிடாமல், சொட்டு இடவேண்டும். அதன்பின் மாதக் கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் தொடரவேண்டும். இந்த மருந்து முறையான பரிசோதனையிலே தேறி, ஐரோப்பிய அரசுகளின் ஒப்புதலை இந்நோய்க்கெனப் பெற்றது 2024இலேதான். அபூர்வ நோய்க்கு மருந்து செய்வதில் வணிகருக்கு இலாபம் குறைவு என்பது வெளிப்படை.

இவ்விடத்தே நம் அயலிலும் சிறிது நோக்குவோம். 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையிலே விழிவெண்படலப் புண்ணோடு வந்த 434 நோயாளரை அங்குள்ள வைத்தியர்கள் ஆராய்ந்தனர். கிருமி வளர்ந்தவற்றுள் ஏறக்குறைய பாதி பற்றீரியா. மற்றப் பாதி பங்கசு. அமீபா நூற்றுக்கு ஒன்று. அங்கே வந்தவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் காயம்பட்டவர்கள். நெற்கதிரின் முனை பட்டும் மண் தெறித்தும் வருகின்ற புண் இது. தென்னிந்தியாவிலே அமீபா நோய் கண்டவர்களிற் பெரும்பாலோர் தொடுவில்லையைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். டெக்சாஸ் பண்ணையாளரின் நோயே அவர்களுடைய நோயும். மேல்நாட்டு வைத்தியர் வில்லை அணிந்தவரிடத்திலே அமீபாவை ஐயுறக் கற்றுக்கொண்டனர். சேற்றிலே நின்ற உழவனின் கண்ணிலும் அதனை ஐயுறவேண்டும் என்பதை ஹைதராபாத், மதுரை வைத்தியர்களின் ஆய்வுகள் உலகுக்குச் சொல்லின.

அந்த வயல்வெளிப் பங்கசுகளுள் ஒன்று பியுசேரியம். பயிர்களையும் தாக்கும் மண்வாழ் உயிர் அது. குளிரூட்டப்பட்ட நகரங்களின் கண்ணுக்கு அது ஏறிவருமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 2005 மார்ச்சு முதல் 2006 மே வரையிலே சிங்கப்பூரில் 66 பேருக்கு, தொடுவில்லை அணிந்தமையோடு தொடர்புடையதாக, பியுசேரியக் கண்புண் உண்டாயிற்று. ஹொங்கொங்கிலும் பலர் நோயுற்றனர். அமெரிக்காவிலே 164 பேருக்கு உறுதி செய்யப்பட்டது. ஆராய்ந்தபோது விரல் ஒரே திசையைச் சுட்டியது. பாஷ் அன்ட் லோம் நிறுவனம் புதிதாக விற்கத் தொடங்கிய தூய்மைத் திரவம் ஒன்றையே நோயாளருட் பெரும்பாலோர் பயன்படுத்தியிருந்தனர். 2006 மே மாதத்தில் அந்நிறுவனம் அத்திரவத்தை உலகெங்கும் மீட்டுக்கொண்டது. வீட்டு உப்புநீர் அன்று. விலை கொடுத்து வாங்கிய, முத்திரையிட்ட புட்டி.

அதன் சூடு ஆறுமுன்னே சிக்காக்கோ நகரத்து வைத்தியர்கள், 2003 முதல் அமீபா நோயாளர் தொகை ஏறிவருவதைச் சொன்னார்கள். நாடெங்கும் விசாரித்தபோது, 2007 மே மாதத்துக்குள் 35 மாநிலங்களிலும் போட்டோ ரிக்கோவிலுமாக 138 நோயாளர் அறியப்பட்டனர். இம்முறை வேறொரு நிறுவனத்தின் திரவம் தொடர்புடையதாகக் காணப்பட்டு, அதுவும் மீட்டுக்கொள்ளப்பட்டது. இத்தகைய திரவங்களை விற்பனைக்கு அனுமதிக்கும் சோதனையிலே பற்றீரியாவும் பங்கசும் இடம்பெற்றிருந்தன; முள்ளமீபாவுக்கு எதிராகச் சோதிக்கவேண்டும் என்ற நியதி அப்போது இருக்கவில்லை. 1986இல் கண்ட பகைவனுக்கு 2007இலும் வாயிலிற் காவல் வைக்கப்படவில்லை என்பதை எண்ணும்போது, நோயாளரைக் கவலையீனர் என்று பழித்தவர்களை நினையாமல் இருக்க முடியவில்லை. வில்லையை விரலால் தேய்க்கவே வேண்டாம், திரவத்தில் இட்டாற் போதும் என்ற விளம்பரங்களும் அக்காலத்தில் பரவியிருந்தன. அழுக்கையும் அதனோடு அமீபாவையும் அகற்றுவதில் விரலின் தேய்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்று வைத்தியர்கள் மீண்டும் சொல்லவேண்டியதாயிற்று.

பிரித்தானியாவின் நிலை தனியானது. தொடுவில்லை அணியும் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு 17 முதல் 20 பேர் வரையில் அந்நாட்டில் அமீபா நோயுற்றனர் எனத் தொண்ணூறுகளின் கணக்கொன்று காட்டியது. இது அமெரிக்காவின் அளவிலும் பன்மடங்கு கூடியது. ஏன் அப்படி? அந்நாட்டு வீடுகள் பலவற்றில் குழாய்நீர் முதலிற் கூரையடியிலுள்ள தொட்டியொன்றிலே தங்கி, அங்கிருந்து குளியலறைக்கு வரும். தேங்கிய நீரில் அமீபா பெருகும். 2004இல் வெளிவந்த ஆய்விலே, நோயாளரின் 27 வீடுகளிற் குழாய்நீரைச் சோதித்தபோது, 24 வீடுகளில் ஏதேனுமோர் அமீபாவும், 8 வீடுகளில் முள்ளமீபாவும் காணப்பட்டன. ஆறு பேருடைய கண்ணில் இருந்ததும் அவர்தம் வீட்டுக் குழாயில் இருந்ததும் ஒரே மரபினது என்று நிறுவப்பட்டது. முகம் கழுவிய ஈரக் கையோடு வில்லையைத் தொட்டவர்கள், கிண்ணத்தைக் குழாயிலே அலசியவர்கள், வில்லையோடு நீராடியவர்கள், இப்படி நாள்தோறும் எவரும் செய்யும் செயல்களே காரணம். இலண்டன் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்டுக்கு 8 முதல் 10 பேர் வந்தனர். பின்னைய ஆண்டுகளில் அத்தொகை 36க்கும் 65க்கும் இடையே நின்றதென 2018இல் அறிவிக்கப்பட்டது.

இந்நோயினால் துன்புற்ற ஒருவரின் விடாமுயற்சியினால், தொடுவில்லைப் பெட்டிகளிலே குழாயின் படத்தை வரைந்து குறுக்கே கோடிட்ட அடையாளத்தை ஒட்டும் வழக்கம் அந்நாட்டிலே தோன்றியது. எழுத்து வேண்டாத எச்சரிக்கை அது. குடிக்கத் தகுந்த நீர் கண்ணின் வில்லைக்குத் தகாது என்பதை ஒருவருக்கு நம்பச்செய்வது எளிதன்று. பருகினால் ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்பார்கள். வயிற்றிலே இந்த அமீபா தீங்கு செய்வதில்லை என்பதும் உண்மை. கண்ணும் வில்லையும் கூடிய இடத்திலேதான் அதன் தன்மை மாறுகின்றது.

ஒருநாள் அணிந்து அன்றே எறிந்துவிடும் வில்லைகள் இன்று பெருகியுள்ளன. ஊறவைக்கும் கிண்ணமும் திரவமும் அவற்றுக்கு வேண்டா. விலை சற்று அதிகம். அதனால், ஒருநாள் வில்லையை இரண்டு நாள், மூன்று நாள் அணிவாரும், அதனைக் குழாய்நீரில் இட்டுவைப்பாரும் இருக்கிறார்கள் என்று கண் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பழைய உப்பு மாத்திரைக் கணக்கேதான் மறுபடியும்.

கஸ்தெல்லானி 1971இல், தமது 97ஆம் வயதில், லிஸ்பன் நகரிலே காலமானார். மென்வில்லைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. இலண்டனிலே மதுவக் கலத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த அமீபாவின் வழிவந்தவை, அமெரிக்காவிலுள்ள நுண்ணுயிர்க் களஞ்சியம் ஒன்றிலே இலக்கமிட்டு உயிரோடு பேணப்படுகின்றன. வேண்டிய ஆய்வாளருக்கு அங்கிருந்து அனுப்பிவைக்கப்படுகின்றன.